2025 டிராஃப்டுக்குப் பிறகு சிகாகோ பேர்ஸ்: கேலப்புக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேர்

#1 ஸ்னாப்கவுண்ட்
மே 2, 2025

கிரீன் பேயில் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து) டிராஃப்ட், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, முடிந்து ஒரு வாரம் ஆகிறது. பேச வசதியாக இருக்கட்டும் என்று பேர்ஸ் எடுத்த எட்டுப் பேரையும் முதலில் வரிசையாகப் போட்டுவிடுகிறேன் (எண் என்பது எத்தனையாவது தேர்வு, அதாவது பிக்).

10: கோல்ஸ்டன் லவ்லேண்ட், டைட் எண்ட், மிச்சிகன்
39: லூதர் பர்டன், ரிசீவர், மிசூரி
56: ஓஸி ட்ரபிலோ, டேக்கிள், பாஸ்டன் காலேஜ்
62: ஷெமார் டர்னர், டிஃபென்சிவ் லைன், டெக்சஸ் ஏ அண்ட் எம்
132: ரூபன் ஹிப்பலைட், லைன்பேக்கர், மேரிலாந்து
169: ஸா ஃப்ரேசியர், கார்னர், யு.டி.எஸ்.ஏ.
195: லூக் நியூமன், கார்டு, மிச்சிகன் ஸ்டேட்
233: கைல் மொனங்காய், ரன்னிங் பேக், ரட்கர்ஸ்

இந்தப் பட்டியலில் லவ்லேண்ட், பர்டன் இரண்டு பேரைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இதில் முக்கியமான பெயர் ட்ரபிலோ. அதைவிட முக்கியமான மூன்று பெயர்கள் பட்டியலிலேயே இல்லை. கார்டுகள் ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், சென்டர் ட்ரூ டால்மன். மூவரும் மார்ச் மாதமே வந்து சேர்ந்துவிட்டார்கள். டிராஃப்ட் கிரேடை மட்டும் பார்த்து இந்த அணியை எடை போட்டால் தப்பாகத்தான் போகும். போன வருஷம் அப்படித்தான் போனது.

2024 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். முதல் பிக்கில் கேலப் வில்லியம்ஸ், ஒன்பதாவதில் ரோம் ஒடுன்ஸே. ஏற்கெனவே டி.ஜே. மூர், சார்ஜர்ஸிடமிருந்து கீனன் ஆலன், ஓடுவதற்கு டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட். முதலிடத்தில் வந்த எந்தக் குவாட்டர்பேக்குக்கும் இவ்வளவு நல்ல வீடு அமைந்ததில்லை என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்தது. பந்தை எறியும் குவாட்டர்பேக்கைக் காக்க முன்னால் நிற்கும் ஐவர் லைனுக்கு (நடுவில் சென்டர், இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள்) என்ன செய்தோம்? டிராஃப்டில் 75-ஆவது பிக்கில் யேல் பல்கலைக்கழகத்தின் கிரன் அமகாஜி ஒருவர், அவரும் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்தவர். சென்டருக்குக் கோல்மன் ஷெல்டன், ரையன் பேட்ஸ். அவ்வளவுதான். முடிவு 5-12. கேலப் 68 முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். ஒரே சீசனில் அதைவிட அதிகமாக விழுந்தது 2002-இல் டேவிட் கார் 76, 1986-இல் ரேண்டல் கன்னிங்ஹாம் 72, இரண்டே பேர்.

கணக்கு எளிது. 562 பந்து எறிந்தார், 68 முறை விழுந்தார். எறியப் பின்வாங்கிய ஒவ்வொரு ஒன்பதாவது முறையும் தரையில். அதே வருஷம் டெட்ராய்டில் பென் ஜான்சன் நடத்திய ஆட்டத்தில் ஜாரெட் காஃப் 539 எறிந்து 31 முறை விழுந்தார். பதினெட்டுக்கு ஒன்று. இப்போது அந்த ஜான்சன் நம் தலைமைக் கோச். ஒன்பதைப் பதினான்குக்காவது கொண்டுவர இந்த ஐந்து பேர் போதுமா? இழையின் கேள்வி அதுதான்.

---

#2 வடக்கு டிவிஷன்

நல்ல தொடக்கம் நண்பரே. ஆனால் 68 சாக்கையும் லைன் தலையில் கட்டக்கூடாது என்று நினைக்கிறேன். கேலப் பந்தை வைத்துக்கொண்டே இருக்கிறார். காலேஜில், யு.எஸ்.சி.யிலும் அதே பழக்கம்தான். முதல் ஆள் மூடியிருந்தால் இரண்டாவது, மூன்றாவது என்று தேடி, பிறகு ஓடி, பிறகு திரும்பி… அதற்குள் எட்ஜ் (ஓரத்திலிருந்து பாய்ந்து வரும் எதிரணி ஆள்) வந்து பின்னாலிருந்து பிடித்துவிடுகிறார். வெறும் 6 இன்டர்செப்ஷன் (எதிரணி கையில் சிக்கிய எறிதல்) என்று பாராட்டுகிறோமே, அதற்குக் கொடுத்த விலையில் ஒரு பங்கு இந்தச் சாக்குகள். தூனி வந்தால் மட்டும் அது மாறுமா?

---

#3 இடதுபக்கம்

இதை லைன் பக்கமிருந்து பாக்கணும், ரெண்டுமே ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடக்கு.

டேக்கிள் எப்படி வேலை பாக்கிறார்? குவாட்டர்பேக் ஏழு முதல் ஒன்பது யார்டு ஆழத்துல நிப்பார்னு ஒரு கணக்கு வச்சுத்தான் பின்னால கிக் எடுத்து நகர்றார். எட்ஜ் ரஷர் வெளிப்பக்கமா வளைஞ்சு ஓடுனா, அந்த வளைவை அப்படியே தள்ளிவிட்டு ஒன்பது யார்டுக்குப் பின்னால அனுப்பிடலாம். ரஷர் குவாட்டர்பேக்கைத் தாண்டிப் போயிடுவார். ஆனா குவாட்டர்பேக் பதட்டத்துல பதினொரு யார்டுக்குப் பின்வாங்கினா, டேக்கிள் சரியா தள்ளிவிட்ட ரஷர் நேரா அவர் மடியில போய் விழுவார். ஸ்கோர் ஷீட்ல அது டேக்கிள் விட்ட சாக் மாதிரித் தெரியும்.

ஏன் பதினொரு யார்டுக்குப் போறார்? நடுவுல மூணு பேரும் சரியிறதால. போன வருஷம் பேர்ஸுக்கு உள்பக்கம்தான் ஓட்டை. வலது கார்டு நேட் டேவிஸ் சீசன் ஆரம்பத்துலயே இடம் இழந்து, நவம்பர்ல அணியை விட்டே போனார். பேட்ஸுக்குக் காயம். இடது கார்டு டெவன் ஜென்கின்ஸுக்கும் அடிக்கடி காயம். வாராவாரம் வேற வேற ஆள். நடுவுல முட்டு விழுந்தா குவாட்டர்பேக் முன்னால அடியெடுத்து வைக்க முடியாது. முன்னால போக முடியலைன்னா பின்னால இல்ல பக்கத்துலதான் போகணும். நியூ இங்கிலாந்து ஆட்டத்துல ஒன்பது சாக் விழுந்ததே, அதைத் திரும்பப் போட்டு கேலப்போட முகத்தை விட்டுட்டு காலை மட்டும் பாருங்க. கடைசிக் கால் ஊன்றி முன்னால ஏற வேண்டிய நேரத்துல குதிகால் பின்னாலயே போகுது. அந்த ஆட்டம் முடிஞ்ச ரெண்டாவது நாள் தாக்குதல் கோச் ஷேன் வால்ட்ரனை அனுப்பிட்டாங்க.

அதனால ஜெனரல் மேனேஜர் போல்ஸ் மார்ச்ல உள்பக்கம் மூணு இடத்தையும் மொத்தமா மாத்தினது சரியான வேலை. தூனிக்கு 2026 நாலாவது ரவுண்டு பிக், ஜாக்சனுக்கு இந்த வருஷ ஆறாவது ரவுண்டு, டால்மனுக்கு மூணு வருஷம் 42 மில்லியன் டாலர். இந்த விலைக்கு டிராஃப்ட்ல மூணு உள்பக்க ஆளு கிடைக்கமாட்டாங்க. கிடைச்சாலும் முதல் வருஷம் தடுமாறுவாங்க.

---

#4 ஸ்னாப்கவுண்ட்

@இடதுபக்கம் அருமை. பதினொரு யார்டு விஷயம் யாரும் சொல்வதில்லை.

அந்த மூவரிடமும் உள்ள ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். தூனி நான்கு சூப்பர் பவுல் மோதிரம் வைத்திருப்பவர், ஆனால் நவம்பரில் 33 வயது. ஜாக்சன் 2024-இல் ராம்ஸில் நான்கு ஆட்டம்தான் தொடங்கினார். டெட்ராய்டில் பெரும்பாலும் இடது கார்டாக ஆடியவர், இங்கே தூனிக்காக வலப்பக்கம் போக வேண்டும். டால்மன் அட்லாண்டாவில் கணுக்கால் காயத்தால் எட்டு ஆட்டம் இழந்தார். அவர் எடை குறைந்த சென்டர். பக்கவாட்டு ஓட்டத்தில் பிரமாதமாக எட்டிப் பிடிப்பார். தலைக்கு நேர் எதிரே பெரிய நோஸ் டேக்கிள் வந்து நின்று முட்டினால் பின்னுக்கு நகர்வார். மினசோட்டா இந்த வருஷம் ஜோனதன் ஆலன், ஜாவான் ஹார்கிரேவ் இருவரையும் சேர்த்திருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை அவர்களைச் சந்திக்க வேண்டும்.

---

#5 ரட்கர்ஸ் ரசிகன்

இடது டேக்கிள் யார் என்பதில் எனக்குக் குழப்பம். பிராக்ஸ்டன் ஜோன்ஸ், ட்ரபிலோ, அமகாஜி மூவரில் யாரைப் போடுவார்கள்? பத்தாவது பிக்கிலேயே டேக்கிள் எடுத்திருக்கலாமே?

---

#6 இடதுபக்கம்

பத்துக்கு வரும்போது கடை காலி. வில் கேம்ப்பெல் நாலுல நியூ இங்கிலாந்து, அர்மண்ட் மெம்பூ ஏழுல ஜெட்ஸ், கெல்வின் பேங்க்ஸ் ஒன்பதுல நியூ ஆர்லியன்ஸ். நமக்கு ஒரு இடம் முன்னால கடைசி ஆளும் போயிட்டார். அதுக்கப்புறம் பத்துல ஒரு டேக்கிளை இழுத்துப் பிடிச்சு எடுத்திருந்தா அது தேவைக்காக எடுத்த பிக்.

ஜோன்ஸ் போன டிசம்பர்ல டெட்ராய்டு ஆட்டத்துல கணுக்கால் முறிஞ்சு அறுவை பண்ணிக்கிட்டவர். 2022-ல ஐந்தாவது ரவுண்டுல வந்ததால ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டுற அஞ்சாவது வருஷ ஆப்ஷன் கிடையாது, இந்த சீசனோட ஒப்பந்தம் முடியுது. அதான் ட்ரபிலோ. ஆனா ட்ரபிலோ கடைசி ரெண்டு சீசன் காலேஜ்ல வலது டேக்கிள். வலது பக்கம் டார்னெல் ரைட் இருக்கார், அவரை அசைக்கக் கூடாது.

வலதுலேர்ந்து இடது மாறுறது சட்டையைத் திருப்பிப் போடுற மாதிரி இல்லை. வலது டேக்கிளுக்கு வலது கால் பின்னால, அந்தக் காலால கிக் எடுப்பார், இடது காலை ஊன்றித் தள்ளுவார். இடப்பக்கம் வந்தா எல்லாமே தலைகீழ். ஊன்றுற கால்ல பலம் இருந்தாத்தான் ரஷர் திடீர்னு உள்பக்கம் திரும்பும்போது மறிக்க முடியும். புதுசா மாறினவங்களுக்கு வர்ற தப்பு எப்பவும் ஒண்ணுதான்: வெளிப்பக்க வேகத்துக்குப் பயந்து இடுப்பைச் சீக்கிரம் திறந்துடுவாங்க, உள்பக்கம் கதவு தொறந்து கிடக்கும். ட்ரபிலோ ஆறடி எட்டங்குலம். உயரமானவருக்கு இன்னொரு தொல்லை, களைச்சதும் முதுகு நிமிர்ந்துடும், ரஷர் அக்குளுக்குக் கீழ கை குடுத்துத் தூக்கிடுவார். நாலாவது குவார்ட்டர்ல அதைக் கவனிங்க.

பெனே சூவல் ஓரிகன்ல இடது பக்கம் ஆடிட்டு டெட்ராய்டுல வலது பக்கம் மாறி லீக்லயே சிறந்த ஆளானார். முடியாத காரியம் இல்லை. ஆனா அவர் ஏழாவது பிக், இவர் 56.

என் கணிப்பு: ஜோன்ஸ் கணுக்கால் சரியானா முதல் வாரம் ஜோன்ஸ்தான். பக்கத்துல தூனி நிக்கிறதால யார் வந்தாலும் உள்பக்கக் கதவுக்கு ஒரு காவல் இருக்கும். அமகாஜிக்கு போன டிசம்பர்ல மினசோட்டாவுல திங்கள் ராத்திரி ஆட்டத்துல முதல் வாய்ப்பு கிடைச்சு ரொம்பத் திணறினார். அந்த ஒரு ராத்திரியை வச்சு அவரைத் தள்ளிடாதீங்க. நீளமான கை, கோடை முழுக்க உடம்பு நல்லா இருந்தா போட்டியில இருப்பார்.

---

#7 வடக்கு டிவிஷன்

சரி, லைன் பற்றி ஒப்புக்கொள்கிறேன். லவ்லேண்டை எனக்கு விளக்குங்கள். தடுக்கவும் பந்து பிடிக்கவும் வேண்டிய டைட் எண்ட் இடத்துக்கு டைலர் வாரன் கையில் இருந்தார், 14-இல் இண்டியானாபொலிஸ் போனார். கோல் கமெட் நான்கு வருஷம் 50 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் இருக்கிறார். லவ்லேண்ட் ஜனவரியில் தோள்பட்டை அறுவை செய்துகொண்டவர். பத்தாவது பிக்கை இரண்டாவது டைட் எண்டுக்கா?

---

#8 மூன்றாவது ரீட்

இரண்டாவது டைட் எண்ட் என்று பார்த்தால் வீண் போலத்தான் தெரியும். ஜான்சன் அப்படிப் பார்ப்பதில்லை. டெட்ராய்டில் 2023-இல் 34-ஆவது பிக்காக வந்த சாம் லபோர்ட்டா முதல் வருஷத்திலேயே 86 பந்து பிடித்தார், 889 யார்டு, 10 டச்டவுன். ஒரே ஃபார்மேஷனில் ஓட்டமும் எறிதலும் ஒன்று போலவே தெரிய வேண்டும் என்பது அவருடைய அடிப்படை. இரண்டு டைட் எண்ட் களத்தில் இருந்தால் எதிரணி மூன்றாவது லைன்பேக்கரை இறக்குவதா, ஐந்தாவது டிஃபென்சிவ் பேக்கை இறக்குவதா என்று திண்டாடும். லைன்பேக்கர் வந்தால் லவ்லேண்டைப் பக்கவாட்டில் விரித்து நிறுத்தி எறியலாம். பேக் வந்தால் கமெட்டை லைனோடு ஒட்டி நிறுத்தி அந்தப் பக்கமே ஓடலாம்.

வாரன் தடுப்பதிலும் பந்தைக் கையில் வாங்கி ஓடுவதிலும் இப்போதே தயாரானவர். லவ்லேண்ட் ரூட் (எறிதலைப் பிடிக்க ஓடும் பாதை) ஓடுவதில் மேலானவர். மிச்சிகனில் எறிதல் மோசமாக இருந்த 2024-இல் பத்தே ஆட்டத்தில் 56 பிடித்தார். கமெட் இருக்கும் அணிக்குத் தடுக்கும் ஆள் இரண்டாவதாகத் தேவையில்லை. நான் லவ்லேண்டைத்தான் எடுத்திருப்பேன். தோள்பட்டை காரணமாக மே, ஜூன் பயிற்சிகளில் அவர் முழுமையாக இறங்காவிட்டால் பயப்பட வேண்டாம். ஜூலைக் கடைசியில் கேம்ப் தொடங்கும்போதும் இறங்கவில்லை என்றால் அப்போது கவலைப்படலாம். புதிய ஆள் ஒருவர் கேலப்புடன் நேரம் பழக அந்த மூன்று வாரம் போனால் திரும்பக் கிடைக்காது.

பர்டன் வேறு கதை. 2023-இல் மிசூரியில் 1,212 யார்டு, போன வருஷம் 676. திறமை முதல் ரவுண்டு, ஓடிய ரூட்டுகள் குறைவு. கீனன் ஆலன் விட்டுப்போன ஸ்லாட்டில் (உள்பக்க ரிசீவர் இடம்) முதல் வருஷம் திரை எறிதலும் குறுக்கு ரூட்டும் கொடுத்தால் போதும். பிடித்த பிறகு ஓடுவதில்தான் அவர் பலம்.

அந்த 39 எங்கிருந்து வந்தது தெரியும்தானே? 2023 மார்ச்சில் முதல் பிக்கைக் கரோலைனாவுக்குக் கொடுத்த பேரத்தின் கடைசித் தவணை. டி.ஜே. மூர், டார்னெல் ரைட்டாக மாறிய பிக், கேலப், இப்போது பர்டன் என்று அந்த ஒரு பேரத்தின் விளைச்சல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

---

#9 பிக் கணக்கு

41-ஐ விட்டுப் பின்னால் இறங்கியதைப் பற்றி யாரும் எழுதவில்லை. பஃபலோவுக்குக் கொடுத்தது 41, 72, 240. வாங்கியது 56, 62, 109. ஒவ்வொரு பிக்குக்கும் புள்ளி மதிப்பு தரும் பழைய ஜிம்மி ஜான்சன் அட்டவணைப்படி 41 = 490, 72 = 230, சேர்த்தால் 720. 240-க்கு மதிப்பு ஏறக்குறைய இல்லை. வாங்கியது 340 + 284 + 76 = 700. இருபது புள்ளி நஷ்டம், அது கடைசி ரவுண்டுகளின் ஒரு பிக் அளவு. ஆனால் மூன்றாவது ரவுண்டு பிக் ஒன்று இரண்டாவது ரவுண்டுக்கு ஏறிவிட்டது. டேக்கிளும் டிஃபென்சிவ் லைன்மேனும் அப்படித்தான் கிடைத்தார்கள். எனக்கு இது நல்ல வியாபாரம்.

எனக்கு உறுத்துவது ரன்னிங் பேக். 36-இல் ஜட்கின்ஸ் கிளீவ்லேண்டுக்கு, 38-இல் ஹெண்டர்சன் நியூ இங்கிலாந்துக்கு. நம் 39-க்கு முன்னால் இருவரும் போய்விட்டார்கள். ஸ்விஃப்ட் போன வருஷம் 253 ஓட்டம், சராசரி 3.8 யார்டு. ஏழாவது ரவுண்டு வரை காத்திருந்து மொனங்காயை எடுப்பது துணிச்சல்தான்.

---

#10 ரட்கர்ஸ் ரசிகன்

மொனங்காயைப் பற்றி: ரட்கர்ஸில் தொடர்ந்து இரண்டு வருஷம் 1,200 யார்டுக்கு மேல். உயரம் குறைவு, நேர்வேகம் குறைவு, அதனால்தான் 233. ஆனால் அவரை முதல் ஆள் இடித்ததும் விழுவதில்லை. இதைவிட முக்கியம், பிளிட்ஸ் (கூடுதல் ஆட்களின் பாய்ச்சல்) வரும்போது லைன்பேக்கரை நெஞ்சோடு நெஞ்சாகப் போய்ச் சந்திப்பார். சாக் குறைய வேண்டும் என்றுதானே இந்த இழை? மூன்றாவது டவுனில் (பத்து யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) குவாட்டர்பேக் பக்கத்தில் நிற்பவரும் அதில் ஒரு ஆள். ஸ்விஃப்ட்டின் பலவீனம் அங்கேதான்.

ஸ்விஃப்டை எழுதிவிடவும் வேண்டாம். 2022-இல் டெட்ராய்டில் இதே ஜான்சனின் கீழ் 99 ஓட்டத்தில் 542 யார்டு எடுத்தவர், சராசரி 5.5.

---

#11 வடக்கு டிவிஷன்

டிஃபென்ஸில் எட்ஜ் ஒருவரைக்கூட எடுக்கவில்லை என்பதை நான் மன்னிக்க மாட்டேன். மான்டெஸ் ஸ்வெட் 2023-இல் 12.5 சாக், போன வருஷம் 5.5. மறுபுறம் டாயோ ஒடெயிங்போவுக்கு மூன்று வருஷம் 48 மில்லியன். அவர் 2024-இல் எடுத்தது மூன்றே சாக். மூன்றாவதாக ஆஸ்டின் புக்கர். ஒரு முழங்கால் போனால் கதை முடிந்தது.

---

#12 மூன்றாவது ரீட்

கவலை நியாயம்தான். புதிய டிஃபென்ஸ் கோச் டென்னிஸ் ஆலன் எட்ஜில் பெரிய உடம்பைத்தான் விரும்புவார், நியூ ஆர்லியன்ஸில் கேமரன் ஜோர்டனை வைத்து ஆடியவர். ஒடெயிங்போ 280 பவுண்டுக்கு மேல். முதல் இரண்டு டவுனில் வெளியே நின்று ஓட்டத்தை அடைப்பார், மூன்றாவது டவுனில் உள்ளே வருவார். போன நவம்பரில் நடுவில் நிற்கும் ஆண்ட்ரூ பில்லிங்ஸ் காயத்தில் போனதிலிருந்து எதிரணிகள் நடுவிலேயே ஓடித் தள்ளின. புதிதாக வந்த கிரேடி ஜாரெட்டும் டர்னரும் அதற்கான மருந்து. ஆனால் மூன்றாவது டவுனில் வேகமாக வளைந்து வரும் ஆள் இன்னும் இல்லை. கேம்ப் சமயத்தில் வேறு அணிகள் கழற்றிவிடும் அனுபவசாலி ஒருவரை வாங்கியாக வேண்டும்.

---

#13 பிக் கணக்கு

எத்தனை வெற்றி என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 2024-இல் எடுத்தது 310 புள்ளி, கொடுத்தது 370. இரண்டையும் 2.37 அடுக்குக்கு உயர்த்தி, கூட்டுத்தொகையில் எடுத்த புள்ளியின் பங்கைப் பார்த்தால் 0.397 வரும், 17 ஆட்டத்துக்கு 6.7 வெற்றி. உண்மையில் கிடைத்தது 5. அந்த வித்தியாசம் எங்கே போனது? வாஷிங்டன் 18-15, கடைசி நொடியில் வானத்தில் எறிந்த பந்து. கிரீன் பே 20-19, தடுக்கப்பட்ட ஃபீல்டு கோல். மினசோட்டா 30-27, கூடுதல் நேரம். டெட்ராய்டு 23-20, சியாட்டில் 6-3. மூன்று புள்ளிக்குள் ஐந்து தோல்வி. டெட்ராய்டு ஆட்டத்தில் ஒரு டைம் அவுட் கையில் இருக்கும்போதே அரை நிமிடத்துக்கு மேல் கடிகாரம் ஓடித் தீர்ந்தது. மறுநாள் தலைமைக் கோச் எபர்ஃப்ளூஸ் வேலை போனது.

ஆகவே நாம் தொடங்குவது 5-இலிருந்து அல்ல, 6.7-இலிருந்து. சுமார் 35 புள்ளிக்கு ஒரு வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாக்குதல் ஆட்டத்துக்கு 18.2-இலிருந்து 22-க்கு ஏறினால் மட்டும் 8.5 வரும். டெட்ராய்டின் 33.2-ஐ யாரும் கேட்கவில்லை.

எதிர்ப்பக்கம்: டிவிஷனில் மற்ற மூன்று அணிகள் போன வருஷம் 15-2, 14-3, 11-6. அதோடு ஏ.எஃப்.சி. நார்த், என்.எஃப்.சி. ஈஸ்ட். கடைசி இடத்தில் முடித்ததால் கிடைக்கும் சலுகை சான் பிரான்சிஸ்கோ, நியூ ஆர்லியன்ஸ், லாஸ் வேகஸ் மூன்றுதான், அதில் சான் பிரான்சிஸ்கோ காயங்களால் விழுந்த அணி, மீண்டுவிடும். நான் 8 அல்லது 9 என்று சொல்வேன்.

---

#14 ஸ்னாப்கவுண்ட்

9 என்று நானும் வைக்கிறேன். 13 ஆட்டமாவது அந்த உள்பக்க மூவரும் ஒன்றாக நின்றால் 10.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஜான்சன் குவாட்டர்பேக்கை சென்டருக்குப் பின்னால் ஒட்டி நிறுத்தி நிறைய ஆடுவார். கேலப் காலேஜிலும் போன வருஷமும் பெரும்பாலும் ஷாட்கன். அங்கே பந்து வரும்போதே ஐந்து யார்டு பின்னால் இருக்கிறார், கண் எப்போதும் எதிரணி மேல். சென்டருக்குக் கீழே நின்று போலி ஓட்டம் காட்டும்போது ஒரு நொடி எதிரணிக்கு முதுகைக் காட்ட வேண்டும். திரும்பிப் பார்க்கும்போது பின்வரிசை வேறு மாதிரி சுழன்றிருக்கும். அந்த ஒரு நொடிக்குப் பிறகு கால்கள் எங்கே ஊன்றுகின்றன என்பதில்தான் இந்த ஆட்டம் ஓடும். அதோடு ஸ்னாப், அதாவது ஆட்டம் தொடங்கப் பந்தைப் பின்னால், கொடுக்கும் டால்மனும் புதியவர். கை மாறும்போது பந்து நழுவுவது முதல் வாரங்களில் நடக்கும்.

---

#15 வடக்கு டிவிஷன்

அப்படியென்றால் ஆகஸ்டில் ப்ரீசீசனில் எதைப் பார்க்க வேண்டும்? ஸ்கோர் ஒன்றும் சொல்லாதே.

---

#16 இடதுபக்கம்

ஸ்கோரை விடுங்க. முதல் அணி இறங்குற அந்த ரெண்டு மூணு டிரைவ்ல மூணு விஷயம் பாருங்க. ஸ்னாப்புக்கு முன்னாடி டால்மன் கை நீட்டி லைன்பேக்கரைக் காட்டுறாரா, அதைக் கேட்டு ஜாக்சனும் ரைட்டும் ஒரே பக்கம் நகர்றாங்களா. ரெண்டு பேரும் ஒரே ஆளைப் பிடிச்சு இன்னொருத்தரை விட்டா, வலப்பக்கம் இன்னும் பழகலைன்னு அர்த்தம். மினசோட்டாவோட டிஃபென்ஸ் கோச் பிரையன் ஃப்ளோரஸ் ஆறேழு பேரை லைன்லயே நிறுத்தி வச்சு, ஸ்னாப் ஆனதும் பாதிப் பேரைப் பின்னால இழுத்துடுவார். இந்தக் குழப்பத்தைத்தான் அவர் தேடிவந்து குத்துவார்.

ரெண்டாவது, இடது டேக்கிள் யாரா இருந்தாலும், ரஷர் உள்பக்கம் திரும்பும்போது வலது கால் தரையில ஊன்றி நிக்குதா.

மூணாவது, பின்வாங்கின கடைசி அடிக்கப்புறம் கேலப்போட குதிகால். முன்னால ஒரு அடி ஏறினா நடுவுல இருக்கிற மூணு பேரையும் அவர் நம்ப ஆரம்பிச்சுட்டார்.